கடல் கடந்தவருக்கு இலை போடுவது

வெளிநாடு போய்த் திரும்பிய நண்பரை வீட்டுக்கு அழைத்து, சாப்பாடு போட்டு, போய்வந்த கதையைக் கேட்பது காவிரிப் படுகையில் சாதி, மத வேறுபாடில்லாமல் இருந்துவரும் வழக்கம். சிங்கப்பூரிலிருந்து வந்தாலும் துபாயிலிருந்து வந்தாலும், திருவிடைமருதூரில் வந்து இறங்கிய இரண்டு மூன்று நாளுக்குள் “ஒரு வேளையாவது நம்ம வீட்டுல கை நனைக்கணும்” என்ற அழைப்பு வந்துவிடும். பார்ப்பதற்கு இது சாதாரண விருந்துதான். ஆனால் நூறு வருஷத்துக்கு முன் இதே ஊர்களில், கடல் தாண்டியவனுக்குப் பந்தியில் இடமில்லை என்று சொன்ன குடும்பங்கள் ஏராளம். அந்த மறுப்பு போய் இந்த அழைப்பு வந்தது தானாக நடந்ததல்ல.

கடல் பயணம் இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. காவிரி கடலில் கலக்கும் இடத்தில் இருந்த காவிரிப்பூம்பட்டினத்துக்கு ஈழத்திலிருந்து உணவுப்பொருள் கப்பலில் வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. ராஜேந்திர சோழனின் கடற்படை 1025ஆம் ஆண்டை ஒட்டிக் கடாரத்துக்குப் போயிற்று. திருவிடைமருதூருக்கோ சொந்தமாகவே ஒரு கடல் பயணக் கதை உண்டு. பூம்புகார் வணிகரான பட்டினத்தார், திருவிடைமருதூரில் கண்டெடுக்கப்பட்ட பிள்ளையை மருதவாணன் என்று பெயரிட்டு வளர்த்தார். வளர்ந்த பிள்ளை கப்பலேறி வாணிபத்துக்குப் போய்த் திரும்பியபோது கொண்டுவந்தது வறட்டியும் தவிடும். கோபத்தில் கொதித்த தகப்பனுக்கு ஒரு பெட்டியையும் விட்டுப்போனான். உள்ளே காதறுந்த ஊசியும் ஓர் ஓலையும் இருந்தன. அதோடு பட்டினத்தார் வீட்டைத் துறந்தார் என்பது கதை. மகாலிங்க சுவாமி கோயிலின் கிழக்கு வாசலில் பட்டினத்தாரும் மேற்கு வாசலில் அவருடைய சீடர் பத்திரகிரியாரும் இன்றைக்கும் இருக்கிறார்கள். போனவன் என்ன கொண்டுவந்தான் என்று மூட்டையைப் பார்க்கிற கண்ணுக்கு, அவன் சொல்ல வந்தது தப்பிப்போகும். ஊர்க் கதை காட்டுவது அதைத்தான்.

கடலோடிகளின் நாட்டில் கடலுக்கு எப்படித் தடை வந்தது? தடை எல்லோருக்கும் இருக்கவில்லை. மரக்காயர்களுக்கோ, நகரத்தாருக்கோ, மலேயாத் தோட்டத்துக்குப் பிழைக்கப் போன கூலிக் குடும்பங்களுக்கோ அது கிடையாது. வைதிகக் குடும்பங்களில்தான் அது இறுகிக் கிடந்தது. போதாயன தர்ம சூத்திரம், சாதியிலிருந்து விழச் செய்யும் குற்றங்களின் பட்டியலில் கடல் பயணத்தை முதலாவதாக வைக்கிறது. அதற்கு அது சொல்லும் பரிகாரம் மூன்று ஆண்டு விரதம்: நான்கில் ஒரு வேளை மட்டும் கொஞ்சம் உண்டு, மூன்று வேளை நீராடி, பகலில் நின்றும் இரவில் உட்கார்ந்தும் கழிக்க வேண்டும். நடைமுறையில் இவ்வளவு கடுமை இல்லை. புனித நீராடல், பஞ்சகவ்யம், பூணூல் மாற்றுதல், ராமேசுவர யாத்திரை என்று முடித்துக்கொள்வார்கள். அதுவரைக்கும் தண்டனை ஒன்றே ஒன்றுதான்: அவரோடு யாரும் சேர்ந்து சாப்பிட மாட்டார்கள். கோர்ட்டும் சிறையும் இல்லாத ஒரு சமூகச் சட்டம் தன் பலத்தையெல்லாம் சோற்றுப் பந்தியில்தான் வைத்திருந்தது.

இது தஞ்சாவூருக்கு மட்டும் உரிய பழக்கமல்ல. 1888 செப்டம்பரில் லண்டனுக்குக் கப்பலேறிய காந்தியை அவருடைய மோத் பனியா சாதியார் விலக்கிவைத்தார்கள். 1891இல் திரும்பியதும் அவருடைய அண்ணன் அவரை நாசிக்குக் கூட்டிப்போய்க் கோதாவரியில் நீராட வைத்து, ராஜ்கோட்டில் சாதி விருந்தும் போட்டார். சேர்த்துக்கொண்டதற்கு அத்தாட்சி அந்த விருந்துதான். சேர்த்துக்கொள்ளாத பிரிவினர் வீட்டில், மாமனார் வீடாகவே இருந்தாலும், தண்ணீர்கூடக் குடிக்க முடியாத நிலை அவருக்கு நீடித்தது.

காவிரிக் கரையில் இந்தத் தடையை உடம்பால் அனுபவித்தவர் ராமானுஜன். திருவிடைமருதூரிலிருந்து சுமார் 9 கிலோமீட்டரில் இருக்கிறது கும்பகோணம். அங்கே சாரங்கபாணி சன்னதித் தெரு வீட்டில் வளர்ந்தவர் கணித மேதை. கேம்பிரிட்ஜிலிருந்து அழைப்பு வந்தபோது முதலில் அவரே மறுத்தார். தாயார் கோமளத்தம்மாள் சம்மதிக்கவில்லை. குலதெய்வமான நாமகிரித் தாயார் கனவில் வந்து உத்தரவு கொடுத்ததாகச் சொல்லப்பட்ட பிறகுதான் வழி திறந்தது. குடுமியை எடுத்துவிட்டு, கோட்டும் காலருமாக 1914 மார்ச் 17 அன்று சென்னைத் துறைமுகத்தில் ‘நெவாசா’ கப்பலில் ஏறினார்.

போன இடத்திலும் பிரச்சினை சாப்பாடுதான். டிரினிட்டி கல்லூரியின் பொதுக் கூடத்தில் அவர் சாப்பிடவில்லை. அறையிலேயே சமைத்துக்கொண்டார். கொட்டை எடுத்த புளியும் நல்ல தேங்காயெண்ணெயும் பார்சலில் அனுப்பச் சொல்லிச் சென்னை நண்பருக்குக் கடிதம் எழுதினார். முதல் உலகப்போர் தொடங்கியதும் பால், காய்கறி எல்லாமே தட்டுப்பாடு. நாள் தவறாமல் சமைக்கிற பழக்கமும் அவரிடம் இல்லை. கணக்கில் உட்கார்ந்தால் சாப்பாட்டு வேளை தெரியாது. உடம்பு விழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

ஆனாலும் அந்த அறைக்கு நண்பர்கள் சாப்பிட வந்தார்கள். பின்னாளில் இந்தியப் புள்ளியியலின் தந்தை எனப் பேர் பெற்ற மகலனோபிஸ் அப்போது கேம்பிரிட்ஜ் மாணவர். 1914 டிசம்பரில் ‘ஸ்ட்ராண்ட்’ பத்திரிகையில் வந்த ஒரு புதிரை எடுத்துக்கொண்டு ராமானுஜன் அறைக்குப் போனார். அவர் வாணலியில் காய் வதக்கிக்கொண்டிருந்தார். புதிர் இதுதான்: ஒரு தெருவில் ஒன்று முதல் வரிசையாக இலக்கமிட்ட வீடுகள். ஒரு வீட்டுக்கு இடப்பக்க இலக்கங்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்க இலக்கங்களின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குக் கீழ். அந்த வீட்டின் இலக்கம் என்ன? விடை, 288 வீடுகளில் 204ஆம் இலக்கம். மகலனோபிஸ் கொஞ்ச நேரம் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்திருந்தார். ராமானுஜனோ கரண்டியை விடாமலே, இந்த ஒரு விடையை மட்டுமல்ல, இப்படிப்பட்ட எல்லா விடைகளையும் வரிசையாகத் தரும் ஒரு தொடர் பின்னத்தைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். கணித வரலாற்றில் அடிக்கடி எடுத்துச் சொல்லப்படும் இந்தச் சம்பவம் ஒரு தளிகை நேரத்தில் நடந்தது என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை.

இன்னொரு விருந்து துக்கமானது. நிச்சயதார்த்தம் ஆன இந்திய மாணவர் ஒருவரையும் மணப்பெண்ணையும் ராமானுஜன் சாப்பிட அழைத்தார். கூட ஒரு தோழியும் வந்தார். ராமானுஜனே சமைத்து ரசம் பரிமாறினார். விருந்தாளிகள் ஒரு முறை வாங்கிக்கொண்டார்கள், இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டார்கள், மூன்றாம் முறை பெண்கள் போதும் என்றார்கள். சற்று நேரத்தில் அவரைக் காணவில்லை. நாலு நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து ஐந்து பவுண்டு அனுப்பச் சொல்லித் தந்தி வந்தது. தான் போட்ட சாப்பாட்டை மறுத்துவிட்டார்கள் என்ற வருத்தத்தில் கிளம்பிப் போயிருக்கிறார். கும்பகோணத்தில் வளர்ந்தவருக்கு இது புரியும். இந்த ஊர்களில் “போதும்” என்ற சொல்லை விருந்து போடுபவர் முதல் தடவை காதில் வாங்குவதில்லை. இன்னும் கொஞ்சம் என்று கரண்டியை நீட்டுவதும், கையை மறைத்துக்கொண்டே வாங்கிக்கொள்வதும் உபசாரத்தின் ஒரு பகுதி. அந்நிய ஊரில், போர்க்காலத்தில், எங்கிருந்தோ வந்த புளியைக் கரைத்து வைத்த ரசம் அது. அதை மறுத்தது அவருக்குத் தன்னையே மறுத்ததாகத் தோன்றியிருக்க வேண்டும்.

1919 மார்ச் 27 அன்று பம்பாயில் இறங்கியபோது அவர் நோயாளி. மகனை ராமேசுவரத்துக்குக் கூட்டிப்போய்ப் பரிகாரம் செய்யத் தாயார் நினைத்திருந்தார். உடம்பு இடம்கொடுக்கவில்லை. கொடுமுடியிலும் கும்பகோணத்திலும் இருந்துவிட்டு, 1920 ஜனவரியில் சென்னைக்கு வந்தார். ஏப்ரல் 26 அன்று இறந்தார். வயது 32. கடல் கடந்து வந்தவர், பரிகாரமும் ஆகவில்லை என்று வைதிக உறவினர் பலர் இறுதிச் சடங்குக்கு வரவில்லை. அவர் கண்டுவந்ததை அருகில் உட்கார்ந்து கேட்க வேண்டிய சொந்தங்களே விலகி நின்றது இந்த வட்டாரத்தின் வரலாற்றில் ஒரு கறைதான்.

அதே ஆண்டுகளில் தடை தளரவும் தொடங்கியிருந்தது. கும்பகோணத்துக்குத் தெற்கேயுள்ள வலங்கைமானில் 1869இல் பிறந்த சீனிவாச சாஸ்திரி 1921இல் லண்டனில் பிரிவி கவுன்சில் உறுப்பினரானார். 1922இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று சுற்றினார். 1927 முதல் 1929 வரை தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் பிரதிநிதியாக இருந்தார். இப்படி வக்கீல்களும் டாக்டர்களும் ஐ.சி.எஸ். மாணவர்களும் வீட்டுக்கு வீடு போய்வரத் தொடங்கியதும், யாரை விலக்கிவைப்பது என்ற கேள்வியே அர்த்தமில்லாமல் போயிற்று. சாஸ்திரம் எதுவும் மாறவில்லை. பந்தியில் உட்காருபவர்களின் கணக்கு மாறியது.

தடையே இல்லாத குடும்பங்களின் கதை இன்னும் நீளமானது. சென்னை எழும்பூரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன போட் மெயில், மெயின் லைனில் திருவிடைமருதூர், கும்பகோணம் வழியாகவே ஓடியது. 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் தொடர்பு ஏற்பட்ட பிறகு, இந்த வண்டியில் ஏறினால் கொழும்புக்கு ஒரே பயணச்சீட்டில் போய்விடலாம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு அது நின்றது. கிழக்கே பினாங்கு, சிங்கப்பூர் போகிறவர்களுக்கு நாகப்பட்டினம்தான் வாசல். 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு இந்தத் தடத்தில் ஓடியது. ஏழை எளியவர்கள் மேல்தளத்தில் பாய் விரித்து, தகரப் பெட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பின் வந்த ‘எம்.வி. சிதம்பரம்’ 1985 பிப்ரவரியில் தீ விபத்துக்கு ஆளானதோடு அந்தக் கப்பல் போக்குவரத்தும் முடிந்தது. இப்போது எல்லாம் திருச்சி விமான நிலையம்.

கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ராஜகிரி, பண்டாரவாடை போன்ற ஊர்களில், கடல் கடந்து சம்பாதிக்கப் போவது தலைமுறை தலைமுறையாக வருகிற தொழில். சபுராளி, அதாவது கடல் கடந்து போனவர், ஊருக்கு வந்தால் வீட்டுக்கு வீடு அழைப்பு. தஞ்சை, நாகைப் பகுதி முஸ்லிம்களின் சஹன் சாப்பாட்டில், பெரிய தாம்பாளம் ஒன்றில் சோற்றையும் கறியையும் வைத்து, மூன்று நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். இதில் விருந்தாளி தனியாக இல்லை. கதை சொல்லுபவர் கையும் கேட்பவர் கையும் ஒரே சோற்றில் படுகின்றன. கடல் தாண்டியவனுக்குத் தனித் தட்டு என்று ஒரு தெருவில் வைத்திருந்த காலத்தில், சில மைல் தள்ளி அவனைத் தம் தட்டிலேயே உட்கார வைத்துக்கொண்டவர்கள் இவர்கள். இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், எது பெருந்தன்மை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இன்றைய விருந்தைப் பார்ப்போம். மதியச் சாப்பாடு என்றால் நுனி இலை. நுனி, சாப்பிடுபவரின் இடக்கைப் பக்கம் இருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு வடை பாயசத்தோடு தடபுடலாக ஏற்பாடு செய்வது வழக்கம். ஆனால் வந்தவர் வாய்விட்டுக் கேட்பது வேறாக இருக்கும்: சுண்டைக்காய் வத்தக்குழம்பு, சுட்ட அப்பளம், பருப்புத் துவையல், கொத்தவரங்காய் பருப்புசிலி, மாவடு. அசைவ வீடுகளில் விரால் மீன் குழம்பு. இராத்திரி அழைப்பென்றால் பலகாரம்தான், இட்லிக்கும் தோசைக்கும் கும்பகோணம் கடப்பா தொட்டுக்கொள்ள. சமைக்கப் போகிறவர்கள் முன்கூட்டியே விருந்தாளியின் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. அங்கே கிடைக்காத ஒன்றை ஆறு மாதமாக நினைத்துக்கொண்டிருப்பவருக்கு அது கிடைத்தால்தான் விருந்து.

பேச்சு எடுத்த எடுப்பில் வராது. பருப்பும் நெய்யும் விழும்போது குசலம், குழம்பு சாதத்தில் மௌனம், ரசத்துக்கு வரும்போதுதான் ஊர்க்கதை அவிழும். மோர் சாதம் முடிந்து கை கழுவி, கும்பகோணம் கொழுந்து வெற்றிலையோடு திண்ணைக்கு வந்த பிறகுதான் உண்மையான பேச்சு. அரைமணி நேரச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரத் திண்ணை என்பது சரியான விகிதம். இந்த நேரத்தை ஒதுக்காமல் சாப்பாட்டை மட்டும் போட்டு அனுப்பும் வீடுகள் பெருகிவருவது வருத்தமான விஷயம்.

என்ன கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பதற்கும் எழுதாத முறை உண்டு. சம்பளம் எவ்வளவு, வீடு எப்போது கட்டப்போகிறாய் என்பவை நாலு பேர் முன்னால் கேட்கும் கேள்விகள் அல்ல. வளைகுடாவிலிருந்து வரும் எல்லோரும் சம்பாதித்துக்கொண்டு வருவதில்லை. ஒப்பந்தம் பாதியில் முறிந்து, கடனோடு வருகிறவர்களும் உண்டு. அவர்களாகச் சொல்லும்வரை பொறுத்திருப்பதுதான் நண்பனின் வேலை. வீடியோ காலில் எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டதே, இனி என்ன கேட்பது என்று நினைப்பதும் தவறு. போனில் பேசுகிறவர்கள் வீட்டாருக்குக் கவலை வரக்கூடாது என்று நல்லதை மட்டும் சொல்கிறார்கள். முதல் மாதம் படுத்த இடம், பக்கத்துக் கட்டில்காரன் எந்த நாட்டுக்காரன், நோன்புக்கும் பொங்கலுக்கும் என்ன சமைத்தார்கள், காய்ச்சல் வந்தபோது யார் கஞ்சி வைத்தார்கள் என்பதெல்லாம் நேரில்தான் வரும்.

நெல் விளையும் ஊரில் கேட்கத் தகுந்த கேள்வி ஒன்று தனியாக உண்டு: அங்கே விவசாயம் எப்படி? மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்குமா என்று பார்த்துக் குறுவை நாற்று விடுகிறவர்களுக்கு, உலகத்தில் மற்றவர்கள் எப்படி நெல் போடுகிறார்கள் என்பது பொழுதுபோக்குச் செய்தி அல்ல. ஆஸ்திரேலியாவில் மரம்பிட்ஜி ஆற்றுப் பகுதியில் முளைகட்டிய விதையைத் தண்ணீர் கட்டிய வயலில் விமானத்திலிருந்து தூவுகிறார்கள். வியட்நாமில் மீகாங் கழிமுகத்தில் வருஷத்துக்கு மூன்று போகம் எடுக்கும் நிலங்கள் இருக்கின்றன. இத்தாலியில் போ ஆற்றுச் சமவெளியிலும் நெல் வயல்கள் உண்டு. நேரில் பார்த்துவந்த ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து சொன்னால், பத்துப் புத்தகம் சொல்லாததைக் கேட்கிற விவசாயி பிடித்துக்கொள்வார்.

இலையில் விழும் சோறே பல கடல் தாண்டியதுதான். திருவிடைமருதூர் வட்டத்தில் இருக்கும் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922இல் தொடங்கியது. அங்கிருந்து 1965இல் வெளிவந்த ஆடுதுறை 27 என்ற ரகம், கோயம்புத்தூரின் ஜி.இ.பி. 24 நெல்லையும் ஜப்பானின் நோரின் 10 நெல்லையும் இணைத்து உருவாக்கியது. அறுபதுகளில் தஞ்சை மாவட்ட விளைச்சலை உயர்த்தியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. பொன்னி அரிசியின் கதை அதைவிடச் சுவையானது. ஜப்பானிய வகை நெல்லையும் நம் வகை நெல்லையும் இணைக்கும் திட்டத்தில் கட்டாக்கில் உருவான கலப்பு விதை மலேயாவுக்குப் போய், அங்கே தேர்ந்தெடுக்கப்பட்டு, 1965இல் மசூரி என்று பெயர் பெற்றது. அது தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்து பொன்னியாயிற்று. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதிலிருந்து தேர்ந்தெடுத்து 1986இல் வெளியிட்டது வெள்ளைப் பொன்னி. காவிரிக்கே உரிய பெயரைத் தாங்கிய அரிசி மலேசியா போய்த் திரும்பிய ஒன்று என்பதைச் சாப்பிடுகிற பலர் அறியமாட்டார்கள்.

போய்வந்ததை எழுத்தாக்கியவர்களும் இந்த மண்ணில் உண்டு. மன்னார்குடி பக்கம் தேவங்குடியில் 1921இல் பிறந்து, கும்பகோணத்தில் படித்த தி. ஜானகிராமன், ஜப்பான் போய்வந்து ‘உதயசூரியன்’, ஆஸ்திரேலியா பற்றி ‘அடுத்த வீடு ஐம்பது மைல்’, செக்கோஸ்லோவாகியா, ருமேனியா பற்றிக் ‘கருங்கடலும் கலைக்கடலும்’ எழுதினார். தான் கண்ட மனிதர்களையும் அவர்கள் போட்ட சாப்பாட்டையும் நண்பரிடம் பேசுகிற பாணியில் சொல்வது அவருடைய பலம். செட்டிநாட்டுக் கோட்டையூரில் 1911இல் பிறந்த ஏ.கே. செட்டியார், தாம் உலகம் சுற்றி எழுதியதோடு நிற்காமல், தமிழில் பிறர் எழுதிய பழைய பயணக் கட்டுரைகளையும் தேடித் தொகுத்தார். அவர் தேடியிராவிட்டால் அவற்றில் பல காணாமலே போயிருக்கும்.

ஆனால் எழுதத் தெரிந்தவர்களின் பயணம் மட்டுமே இப்படி மிஞ்சியிருக்கிறது. ரஜூலாவின் மேல்தளத்தில் போனவர்கள், பினாங்கில் கடை வைத்தவர்கள், எழுபதுகளில் முதன்முதலாக வளைகுடாவுக்குப் போன கொத்தனார்கள், தையல்காரர்கள் சொன்னவை திண்ணையோடு கரைந்துவிட்டன. ரஜூலாவில் போனவர்களில் இன்னும் இருப்பவர்களுக்கு இப்போது வயது எழுபது, எண்பது. திருவிடைமருதூரிலும் திருபுவனத்திலும் ஆடுதுறையிலும் அப்படி ஒருவரைத் தெரிந்தவர்கள், வருகிற ஞாயிற்றுக்கிழமை அவரை வீட்டுக்குச் சாப்பிட அழையுங்கள். பிடித்ததைக் கேட்டுச் சமையுங்கள். சாப்பாடு முடிந்ததும் செல்போனில் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு, எந்தத் தேதியில் எந்தத் துறையில் கப்பலேறினார், கட்டுச்சோறாக என்ன கொண்டுபோனார், போய் இறங்கிய அன்று யார் வீட்டில் சாப்பிட்டார் என்ற மூன்று கேள்விகளிலிருந்து தொடங்குங்கள்.